பச்சியப்பனுக்கு ஒரு பங்காளி

ஐதராபாத்
4.1.2024

அன்புள்ள அர்ச்சுனன் அண்ணாவுக்கு,

சோபனா எழுதுகிறேன். போன ஆடி மாதம் உங்கள் வீட்டில் பதினோரு நாள் களி தின்றுகொண்டு, ஊர் ஆண்களின் கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியை விட்டுத் தேய்த்துத் தேய்த்து எடுத்துப் போனவள். போனில் சொல்லலாம் என்று மூன்று நாள் முயன்றேன். "அலோ, அலோ, யாருங்க" என்பதோடு உங்கள் மலை உங்களை விழுங்கிவிடுகிறது. அதனால் தாள்.

நீங்கள் அன்று கேட்டீர்கள்: "எச்சில்ல என்னாத்தம்மா எழுதியிருக்கும்?" அவசரத்தில் சரியாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உடம்பில் ஒய் குரோமோசோம் என்று ஒன்று உண்டு. அது அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். பெண்களுக்குக் கிடையாது, எனக்கும் இல்லை. அப்பனிடம் இருப்பது அப்படியே மகனுக்கு நகலாகும். எப்போதாவது ஒரு இடத்தில் பிசகும். அந்தப் பிசகு அதற்குப் பிறகு மகன், பேரன் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரே பிசகுகள் உள்ள இருவர் ஒரே அப்பன் வழி வந்தவர்கள். மனிதர்கள் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பி எந்தெந்த வழியாக இங்கே வந்தார்கள் என்பதையும் இதை வைத்துத்தான் தேடுகிறோம்.

உங்கள் வழியைச் சேர்ந்தவர்கள் சிந்து நதிப் பக்கமும் இருக்கிறார்கள், மேற்குக் கரையிலும் இருக்கிறார்கள், தெற்கே நிறைய இருக்கிறார்கள். உங்கள் முன்னோர் எருமைகளை ஓட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டி வந்த கதையை நான்கு நாள் சொன்னீர்களே, அதற்கு முன்னால் பல ஆயிரம் வருஷ நடை பாக்கி இருக்கிறது.

எழுதியது முக்கியமாக இதற்குத்தான். உங்களுடையதும் இன்னொருவருடையதும் நாங்கள் பார்த்த பதினேழு இடங்களிலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கின்றன. "உறவு தெரிந்தால் சொல்லலாம்" என்று நீங்கள் இருவருமே கைநாட்டும் கையெழுத்தும் வைத்திருப்பதால் பெயரைச் சொல்கிறேன். பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடுகிற பச்சியப்பன். அவருக்கும் எழுதியிருக்கிறேன். உங்களுக்குத் தெரியாமலே ஒரு பங்காளி!

சசிகலா அண்ணியையும் மலர்விழியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சோபனா


பென்னாகரம் மேக்கால
21.1.2024

டாக்டர் தங்கச்சிக்கு, அர்ச்சுனன் சொல்லச் சொல்ல சசிகலா எழுதறது.

நாங்க இருக்கறம். ஆடுங்க இருக்குது. நீ வந்தப்ப ஒன் பையக் கடிச்சிதே அந்த வெள்ள ஆடு, அதுக்கு இப்ப ரெண்டு குட்டி. ரெண்டும் அது மாதிரியே பையக் கடிக்குது. ஒன் லெட்டரு பஸ் ஸ்டாப்பு டீக்கடையில ஆறு நாளு கெடந்திச்சாம். டீக்கடைக்காரன் அது மேல டம்ளர வெச்சி எடுத்திருக்கான். ரெண்டு எடத்துல வட்டமா கறை. அந்த வட்டத்துக்குள்ளதான் தங்கச்சி நீ பச்சியப்பன் பேர எழுதியிருந்த.

நீ சொன்ன வெவரம் எனக்கு நல்லாப் புரிஞ்சிது. நான் பள்ளிக்கொடத்துப் பக்கம் போவாதவன்தான். ஆனா கெடா வளக்கறவன். என்கிட்ட நெத்தியில சுழி வுழுந்த கெடா ஒன்னு இருந்திச்சி. எங்கப்பன் காலத்துக் கெடாவோட பேரன். சந்தையில பாக்கறவங்க "இது அர்ச்சுனன் பட்டி சுழி" ன்னு சொல்லுவாங்க. ஒரு தடவ அரூர் சந்தையில ஒரு ஆளு இதே சுழியோட ஒரு கெடாவப் புடிச்சிக்கினு நின்னான். திருட்டுக் கெடான்னு நெனச்சி அவன் சட்டையப் புடிச்சிட்டன். கடைசியில பாத்தா எங்கப்பன் வித்த கெடாவோட வழி. அவனும் நானும் ஒரே எலையில பிரியாணி தின்னுட்டு வந்தம்.

(விசயத்துக்கு வரச்சொல்லி நான் மூனு தடவ சொல்லிட்டன். வர மாட்டேங்கறாரு. - சசிகலா)

வர்றன், வர்றன். தங்கச்சி, நீ ஊருக்குப் போன பொறவு கார்த்திகையில எங்க மவ மலர்விழிக்கு எடம் வந்திச்சி. நல்ல எடம். பையன் பேரு அறிவழகன். தக்காளி மண்டிக்கு வண்டி ஓட்டறான், பீடி கெடையாது. மலர்விழியும் தருமபுரி ஆஸ்பத்திரியில நர்சு வேலைக்குப் போவுது, ரெண்டும் பஸ்ஸுல பாத்து ஏற்கனவே பேசிக்கினு இருந்திச்சிங்கன்னு எனக்கு அப்பறந்தான் தெரியும். எங்களுக்கு வேடியப்பன் சாமி, அவங்களுக்கு முனியப்பன். சாமி வேற, கூட்டம் வேற. தட்டு மாத்திட்டம். வைகாசியில கல்யாணம்.

அந்த அறிவழகனோட அப்பன் பேருதான் பச்சியப்பன்.

பங்காளின்னா அண்ணன் தம்பி. அண்ணன் மவன், தம்பி மவ. அதுங்க ரெண்டுக்கும் எப்பிடித் தாலி கட்டறது? அவருக்கு நீ எழுதன லெட்டர மண்டியில நாலு பேரு முன்னாடி சத்தமாப் படிச்சிட்டாங்க. அவங்க கூட்டத்துக்கும் தெரிஞ்சிபோச்சி, எங்க கூட்டத்துக்கும் தெரிஞ்சிபோச்சி. எங்க கோயில் பூசாரி மதியழகன் வந்து "பந்தக்கால் நடாதீங்க" ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

ஒன்மேல எனக்குக் கோவம் இல்ல தங்கச்சி.

(எனக்கு இருக்குது. - சசிகலா)


ஐதராபாத்
30.1.2024

அன்புள்ள அண்ணா, அண்ணி,

கடிதத்தைப் படித்தேன். அண்ணி கோபப்படுவது நியாயம். பெயரைச் சொல்லும் முன்பு உங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையே ஏதாவது பேச்சு நடக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்க வேண்டும். அரூரில் பிறந்து வளர்ந்தவள் நான். பங்காளி என்றால் நம் பக்கம் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? முடிவு வந்த சந்தோஷத்தில் மறந்துபோனேன். தப்பு என்னுடையது.

ஆனால் ஒன்று. நான் பார்த்தது பதினேழு இடங்கள் மட்டும். உறவு உண்டு என்று அதை வைத்துச் சொல்லலாம், எத்தனை காலத்துக்கு முந்தியது என்று சொல்ல முடியாது. உங்கள் தாத்தாக்கள் அண்ணன் தம்பியாக இருக்கலாம். ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு பொது அப்பன் இருந்திருக்கலாம். ஐயாயிரம் என்று வைத்தால் மாவட்டத்தில் பாதிப் பேர் உங்களுக்குப் பங்காளி.

இன்னொரு சோதனை இருக்கிறது. பதினேழு இடத்துக்குப் பதிலாக அந்த ஒய் குரோமோசோமில் படிக்க முடிந்ததை எல்லாம் படிப்பது. உங்கள் இருவருடைய எச்சிலும் இன்னும் குளிர்பெட்டியில் மிச்சம் இருக்கிறது. அடுத்த வரிசையில் சேர்த்துவிட்டேன். இரண்டு மாதம் ஆகும். அதற்குள் கல்யாணத்தை முறித்துவிடாதீர்கள். மலர்விழி என்ன சொல்கிறாள்?

சோபனா


18.2.2024

தங்கச்சிக்கு,

மலர்விழி என்ன சொல்லுதுன்னு கேட்டிருந்த. சபையிலயே சொல்லிடுச்சி. கோயில்ல கூட்டம் கூடி இருக்கறப்ப, ஆம்பளைங்க பேசிக்கினு இருக்க, டூட்டி முடிஞ்சி வந்த துணியோட நேரா உள்ள வந்து நின்னுது. "பூசாரி சித்தப்பா, எனக்கு அந்த ஒய்யே கெடையாது. டாக்டரம்மாவே எழுதியிருக்காங்க. இல்லாத ஒன்ன வெச்சி நான் எப்பிடி அவங்களுக்குத் தங்கச்சி ஆவறது?"

பூசாரி மதியழகன் ரொம்ப நேரம் தாடியச் சொறிஞ்சான். "அது ஒன்கிட்ட இல்லம்மா, ஒப்பன்கிட்ட இருக்குதே" ன்னான்.

"அப்பிடின்னா எங்கப்பா அவங்கப்பாவக் கட்டிக்காம இருக்கட்டும்" ன்னுது.

யாரும் சிரிக்கல. நான் மட்டும் வேட்டிய வாயில வெச்சிக்கினு திரும்பிக்கினன். வூட்டுக்கு வந்து அழுதுச்சி. சோறு திங்கல. அதான் என்னால தாங்க முடியல.

இதவிட ஒன்னு நடந்திச்சி. போன ஞாயித்துக்கெழம பச்சியப்பன் வந்தாரு. சண்டைக்கு வர்றாருன்னு நான் நெனச்சன். பஸ்ஸுல இருந்து ரெண்டு கூடை தக்காளி எறக்கறாரு. நடந்து வந்து, வாசல்ல நின்னு என்னப் பாத்துக்கினே இருக்காரு. அப்பறம் ஓடியாந்து கையப் புடிச்சிக்கினு "தம்பி" ன்னாரு தங்கச்சி. கண்ணுல தண்ணி.

வெவரம் என்னன்னா, அவரு ஒத்த மவன். அவங்கப்பனும் ஒத்த மவன். தாத்தனும் ஒத்த மவன். கூட்டத்துல தூரத்துப் பங்காளிங்க எல்லாம் பெங்களூருக்குப் போயி அங்கயே தங்கிட்டாங்க. அப்பன் செத்தப்ப கொள்ளிச்சட்டி இவரே தூக்கி, கொடம் இவரே ஒடச்சி, பாடையத் தூக்கறதுக்கு ரத்தத்துல ஒரு ஆளு இல்லாம தெருக்காரங்கள கெஞ்சிக் கூட்டியாந்திருக்காரு. "அழக்கூட நேரம் இல்ல தம்பி. எதுக்கு எங்க ஓடறதுன்னே தெரியல" ன்னாரு. இப்ப ஒன் லெட்டரப் பாத்ததுல இருந்து அந்தாளுக்கு எங்க கூட்டத்துப் பதினாறு வூடும் பங்காளியாக் கெடச்ச சந்தோசம்.

"அண்ணே, ஒங்க மவன் கல்யாணம் நிக்குதே" ன்னன்.

"பொண்ணு ஊர்ல கெடைக்கும். தம்பி கெடைப்பானா?" ன்னாரு.

"ஏன்யா, என் மவ என்ன தக்காளியா, இந்தக் கூடை இல்லன்னா அந்தக் கூடை?" ன்னு சசிகலா உள்ள இருந்து கேட்டா. (கேட்டன். இப்பவும் கேப்பன். - சசிகலா) அந்தாளு தலையக் குனிஞ்சிக்கினாரு. ஆனா களிய ரெண்டு உருண்ட தின்னாரு. என் தட்டுல இருந்து ஒரு வெரலு கொழம்பத் தொட்டு நக்கனாரு. அண்ணன் தம்பிங்க அப்பிடித்தான் திம்பாங்கன்னு யாரோ சொல்லியிருப்பாங்க போல.

பாவம் தங்கச்சி. அவரத் திட்டவும் முடியல, மவளப் பாக்கவும் முடியல. ஐயாயிரம் வருசம்னு வரணும்னு வேடியப்பனுக்கு ஒரு சேவல் நேந்து வுட்டிருக்கன்.


ஐதராபாத்
2.4.2024

அன்புள்ள அண்ணா,

முடிவு வந்துவிட்டது. சேவலை வெட்டும்படி ஆகவில்லை, மன்னியுங்கள்.

உங்கள் இருவருடையதையும் முழுக்கப் படித்தோம். இரண்டுக்கும் இடையே எத்தனை பிசகு வேறுபடுகிறது என்று எண்ணினால், அந்தப் பிசகுகள் சேர எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போடலாம். ஏறத்தாழ எழுநூறு வருஷம் என்று வருகிறது. நானூற்றைம்பதாகவும் இருக்கலாம், ஆயிரமாகவும் இருக்கலாம். எழுநூறு என்று வைத்தால் இருபத்தைந்து தலைமுறை. தாத்தா காலமும் இல்லை, ஐயாயிரமும் இல்லை. நடுவில் வந்து நிற்கிறது.

மருத்துவத்தைக் கேட்டால் பயமே இல்லை. இவ்வளவு தள்ளிப்போன உறவால் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராது. இதை மலர்விழிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்கே தெரியும்.

ஆனால் பங்காளி முறை எத்தனை தலைமுறையில் தீரும் என்பதை என் கருவி சொல்லாது. உங்கள் இரண்டு கூட்டமும் உட்கார்ந்து பேச வேண்டியது அது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. குழப்பத்தை நான் கிளப்பிவிட்டு, தீர்ப்பை உங்கள் தலையில் வைக்கிறேன்.

சோபனா


20.4.2024

தங்கச்சிக்கு,

சேவலு தப்பிச்சிது. இப்ப அது கூரை மேல ஏறி நின்னு தெனமும் என்னப் பாத்துக் கூவுது.

ஒன் லெட்டர கோயில்ல சசிகலா படிச்சா. எழுநூறு வருசம்னதும் பாதிப் பேரு "அவ்ளோதானா" ன்னாங்க, பாதிப் பேரு "அம்மாடி" ன்னாங்க. ரெண்டு நாளு பேசனம். எருமைங்க ஆத்தத் தாண்டன கதைய நான் மறுபடியும் சொன்னன், ஒருத்தன் தூங்கிட்டான்.

கடைசியில மதியழகன் ஒன்னு சொன்னான். பூசாரின்னாலும் அவன் நாப்பது வயசுப் பையன், செல்லுல பாட்டுக் கேட்டுக்கினே மணி ஆட்டறவன். ஆனா அவனுக்கு முறை தெரியும். முன்ன ஒரு தடவ எங்க கூட்டமே ரொம்பப் பெருசாயி, பொண்ணு குடுக்க எடம் இல்லாம கூட்டத்த ரெண்டாப் பிரிச்சாங்களாம். பொதுவான பெரிய மனுசன் செத்தப்ப, ரெண்டு பக்கமும் ஒன்னா மொட்ட அடிச்சி, ஒன்னா கருமாதி பண்ணி, ஒரு பக்கத்தாரு கோயில்ல ஒரு புடி மண்ணு எடுத்துக்கினு போயி வேற சாமி வெச்சிக்கினாங்க. அதோட தீட்டும் தீந்துது, பங்காளியும் தீந்துது. அதுக்கப்பறம் பொண்ணு குடுத்து எடுத்தாங்க.

"ஒங்க ரெண்டு வூட்டுக்கும் சாமி ஏற்கனவே வேற. ஒன்னா கருமாதி பண்ணதுதான் இல்ல. அந்த எழுநூறு வருசத்து மனுசனுக்கு இப்ப பண்ணிடுங்க. அன்னியோட முடிஞ்சிது. அடுத்த மாசம் தாலி கட்டலாம்" ன்னான்.

மலர்விழி அந்தப் பக்கம் சிரிச்சது எனக்கு இங்க கேட்டுச்சி.

பச்சியப்பன் மட்டும் சிரிக்கல. அவரும் வந்திருந்தாரு. "அப்பிடின்னா மூனு மாசம் முன்ன வந்த தம்பிய நானே கருமாதி பண்ணி அனுப்பணுமா?" ன்னாரு. துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு போயிட்டாரு. பஸ்ஸுக்கு நான் பின்னாடியே ஓடனன். திரும்பிப் பாக்கல. அவரு ஒப்பலன்னா கல்யாணம் இல்ல. பையன் அப்பன மீறி வர மாட்டான். மலர்விழியும் "அவர அழ வெச்சிட்டு எனக்குத் தாலி வேணாம்பா" ன்னு சொல்லிடுச்சி.

ஒன்னு கேக்கறன் தங்கச்சி. கருமாதின்னா பேரு சொல்லணும். அந்த மனுசனுக்கு நீங்க என்ன பேரு வெச்சிருக்கீங்க? அவரப் பத்தி என்ன தெரியும்? எந்த ஊரு, என்ன வேல? எது தெரிஞ்சாலும் எழுது. பச்சியப்பன்கிட்ட எடுத்துக்கினு போறன்.


ஐதராபாத்
29.4.2024

அன்புள்ள அண்ணா,

பேர் இல்லை. நாங்கள் வரைந்த வம்சவழிப் படத்தில் உங்கள் கோடும் அவர் கோடும் பிரிகிற இடத்தில் ஒரு புள்ளி இருக்கிறது. புள்ளிக்கு ஒரு எண். அதைச் சொல்லிப் பிண்டம் வைக்க முடியாது.

ஊர் தெரியாது. எருமை மேய்த்தாரா, உழுதாரா தெரியாது. எப்படி இருந்தார், எப்படிச் செத்தார், ஒன்றும் தெரியாது. தெரிந்தது போல எழுத என்னால் முடியும், ஆனால் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அவரைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அவருக்குக் குறைந்தது இரண்டு மகன்கள். ஒருவர் வழியில் நீங்கள். இன்னொருவர் வழியில் பச்சியப்பன். ஒரே மகன் என்றால் அந்தப் புள்ளியில் கோடு பிரிந்திருக்காது.

இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். வற்புறுத்தாதீர்கள்.

சோபனா


2.6.2024

தங்கச்சிக்கு,

விசயத்த மொதல்ல சொல்லிடச் சொல்லி சசிகலா பேனாவ வெச்சிட்டு ஒக்காந்துட்டா. சொல்லிடறன். ஆனி மாசம் மொத முகூர்த்தம், வேடியப்பன் கோயில்ல கல்யாணம். நீ வரணும். வரலன்னா ஒன் குளிர்பெட்டியில இருக்கற என் எச்சிலத் திருப்பி அனுப்பிடு. (கட்டாயம் வா. எனக்குக் கோவம் போயிடுச்சி. - சசிகலா)

இப்ப நிதானமாச் சொல்றன்.

ஒன் லெட்டர எடுத்துக்கினு பாலக்கோடு போனன். அவரு தோட்டத்துல தக்காளிக்குக் குச்சி கட்டிக்கினு இருந்தாரு. அறிவழகன் படிச்சான். ஒன்னும் தெரியாது, ஒன்னும் தெரியாதுன்னு வந்துக்கினே இருந்துச்சி, அவரு குச்சி கட்டிக்கினே இருந்தாரு. "கொறஞ்சது ரெண்டு மவனுங்க" ன்னு வந்ததும் கை நின்னுபோச்சி.

"மறுபடியும் படி" ன்னாரு. படிச்சான்.

"ரெண்டு பேரா?"

"ரெண்டு பேருக்குக் கொறையாதுண்ணே, அதிகமாவும் இருந்திருக்கலாம்" ன்னன்.

அப்பிடியே வரப்புல ஒக்காந்துட்டாரு. "அப்பிடின்னா அந்த மனுசனுக்குப் பாடை தூக்க ஆளு இருந்திருக்குது" ன்னாரு. குச்சிய ஓரமா வெச்சிட்டு, "சரி தம்பி. ஒரு நாளைக்கு நாம அந்த ரெண்டு பேரா நிப்பம்" ன்னாரு.

ஒகேனக்கல்லுல போன புதங்கெழம பண்ணனம். தண்ணி கம்மிதான், முட்டி அளவு. மொட்ட அடிக்கற எடத்துலயே சண்ட. மூத்தவன்தான் காரியம் பண்ணணும், யாரு மூத்தவன்? அவரு வழி மூத்த மவனா, என் வழி மூத்த மவனான்னு ஒனக்குப் போன் போட்டுக் கேக்கச் சொன்னாரு. அதெல்லாம் மிஷின்ல தெரியாதுன்னன். "நான்தான் மூத்தவன், நீ சின்னப் பையன், சும்மா இரு" ன்னாரு. "என்னாத்துக்கு நீ மூத்தவன்?" ன்னு நானும் வுடல. அந்தாளுக்கு அம்பத்தஞ்சு வயசுல மொத தடவயா அண்ணன் தம்பிச் சண்ட. மொகத்துல அவ்ளோ சந்தோசம். நாவிதரு கத்தியப் புடிச்சிக்கினு "ரெண்டு பேருல யாராவது ஒக்காருங்கப்பா" ன்னு கெஞ்சறாரு. கடைசியில வயச வெச்சி அவரே மூத்தவன்னு வுட்டுக்குடுத்தன்.

பிண்டம் வெக்கறப்ப மதியழகன் "பேரு?" ன்னான். பச்சியப்பன் "எங்கப்பன்" ன்னாரு. மதியழகன் அப்பிடியே சொல்லிட்டான். அவரு அழுதாரு தங்கச்சி. சத்தமா, தோளு குலுங்க. அவங்கப்பனுக்கு அழாம வெச்சிருந்ததும் சேந்து வந்திருக்கும். நான் தோளப் புடிச்சிக்கினன். ஓரமா நின்ன அறிவழகனும் மலர்விழியும் வேற பக்கம் பாத்தாங்க.

எல்லாம் முடிஞ்சி ஆத்துல முழுவனம். மூனு முழுக்கு. நான் ஏறிட்டன். துண்ட எடுத்துத் தலையத் தொடைச்சன், மொட்டத்தல சில்லுன்னு இருந்திச்சி. திரும்பிப் பாத்தா அவரு இன்னும் தண்ணியிலயே நிக்கறாரு.

"மேல வாண்ணே, சளி புடிக்கும்" ன்னன்.

"இருடா தம்பி. ஏறிட்டா சம்பந்தியாயிடுவன். இன்னும் கொஞ்ச நேரம் அண்ணனா இருந்துக்கறன்" ன்னாரு.

நான் துண்ட கல்லு மேல போட்டுட்டு மறுபடியும் தண்ணியில எறங்கி அவரு பக்கத்துல போயி நின்னுக்கினன்.